கோத்தகிரியில் ஒரு சொல்லுக்கு ஒரு சனிக்கிழமை

கோத்தகிரி கடைவீதியிலிருந்து மேட்டுப்பாதையில் சற்று ஏறினால் வரும் ஒரு பழைய வாடகை நூலகத்தின் மாடியறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமையிலும் மூன்றாம் சனிக்கிழமையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆங்கிலச் சொல் வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் எங்கே பிறந்தது, வந்த வழியில் என்னவாக மாறியது, இன்று எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். கட்டணம் 150 ரூபாய். அதில் தேநீரும் இரண்டு வர்க்கியும் அடக்கம். இதுவரை நான்கு வகுப்புகளுக்குச் சென்றிருக்கிறேன். அவற்றுள் 'நிம்பிள்' (nimble) என்ற சொல்லுக்காக நடந்த வகுப்பைப் பற்றியே இங்கு விரிவாக எழுதப் போகிறேன். இந்த வகுப்பின் நிறையும் குறையும் அந்த ஒரு நாளிலேயே முழுமையாகத் தெரிந்துவிட்டன.

நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. எழுபதைக் கடந்தவர், ஊரில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். அறையில் இருபது பேருக்கு மேல் அமர முடியாது என்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோத்தகிரியில் வாடகை நூலகம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் குன்னூரை அடுத்த ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேசத் தயங்குவேன். அந்தத் தயக்கத்தைப் போக்கிக்கொள்ள மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அங்கே நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் கொடுப்பார்கள்; ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருள் அச்சிட்டிருக்கும்; மறுநாள் ஒப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களை மனப்பாடம் செய்தேன். அவற்றில் எதையும் ஒரு வாக்கியத்தில் துணிந்து வைக்க என்னால் முடியவில்லை, ஏனெனில் அந்தத் தாளில் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல் நின்றது; எதை எங்கே சொல்வது என்பதைச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமில்லை. கோத்தகிரி வகுப்பின் அருமை எனக்குத் தெரிவதற்கு அந்த இரண்டு மாதங்களும் ஒரு காரணம்.

'நிம்பிள்' வகுப்பன்று பதினாறு பேர் வந்திருந்தோம். கல்லூரி மாணவர்கள் ஆறேழு பேர், கோயம்புத்தூர் நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் கணினிப் பொறியாளர் ஒருவர், வீட்டில் படகமொழி பேசும் இரண்டு ஆசிரியைகள், மலையாளம் பேசும் ஒரு மருந்துக் கடைக்காரர், இன்னும் சிலர். என் அம்மாவும் உடன் இருந்தார். கண் பரிசோதனைக்காக அவரைக் கோத்தகிரிக்கு அழைத்து வந்திருந்தேன். காத்திருக்க வேறு இடமில்லாததால் வகுப்புக்கே கூட்டி வந்துவிட்டேன். அம்மாவுக்கு டீச்சர் கட்டணம் கேட்கவில்லை; தேநீர் மட்டும் முதலில் அவருக்குத்தான் வந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லுக்குத் தெரிந்த தமிழ்ப் பொருளைத் தாளில் எழுதித் தரவேண்டும் என்பது இங்கே வழக்கம். பதினாறு தாள்களில் பதின்மூன்றில் 'சுறுசுறுப்பான' என்று இருந்தது. டீச்சர் அவற்றைப் படித்துவிட்டு, "அப்படின்னா எறும்பு நிம்பிளா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எறும்பு சுறுசுறுப்பானது என்று நாம் எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் ஓயாமல் வேலை செய்வது வேறு, கையும் காலும் நொடியில் திரும்புவது வேறு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து மணி வரை உழைக்கும் ஒருவரைச் சுறுசுறுப்பானவர் என்போம். அவர் கை மெதுவாக வேலை செய்யும் கையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஆக்டிவ்', 'பிஸி', 'பிரிஸ்க்', 'அஜைல்', 'நிம்பிள்' என்று ஐந்து தனித்தனிச் சொற்களாக இருப்பவை எல்லாம் நம் அகராதித் தாளில் ஒரே சுறுசுறுப்பில் கரைந்துபோயிருந்தன.

பிறகு சொல்லின் பிறப்புக்கு வந்தார். பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட ஆங்கிலத்தில், 'எடு' என்பதற்கு இன்றுள்ள 'டேக்' இல்லை. அது வட கடலைக் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டினேவிய மக்களின் மொழியிலிருந்து பிற்பாடு நுழைந்த சொல். அதற்கு முன் ஆங்கிலேயர் சொன்னது 'நிமன்'. ஜெர்மானியர் இன்றும் எடுப்பதை 'நேமன்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'நிமன்' என்ற வினையிலிருந்து 'நாமெல்', 'நுமொல்' என்ற இரண்டு பெயரடைகள் பிறந்தன. எடுக்கவல்ல, சட்டென்று பற்றிக்கொள்ளும், உள்வாங்கிக்கொள்ளக்கூடிய என்பது அவற்றின் பொருள். இன்றைய 'நிம்பிள்' இவற்றின் வழிவந்தது. அதன் அடியில் கிடக்கும் பொருள் ஓடுவதோ குதிப்பதோ அன்று, எடுப்பது. சட்டென்று எடுக்கும் கையைச் சொன்ன சொல், காலப்போக்கில் சட்டென்று அசையும் உடம்பையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும் அறிவையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது.

'டேக்' வந்தபின் 'நிமன்' மெல்ல ஒதுங்கியது. கடைசியாகத் திருடர் பேச்சில் 'நிம்' என்ற வடிவில், களவாடுவது என்ற பொருளில் சில காலம் உயிரோடிருந்தது. இதைக் கேட்டதும் மருந்துக் கடைக்காரர் சிரித்தார். நம்மிடமும் அப்படித்தானே? "கல்லாவில் இருந்த பணத்தை எவனோ எடுத்துவிட்டான்" என்று சொன்னால், யாரும் அதை வெறும் எடுத்தலாக எடுத்துக்கொள்வதில்லை.

உள்வாங்கிக்கொள்ளும் அறிவு என்ற அந்தப் பழம்பொருளை விளக்கும்போது டீச்சர் சற்றுத் திணறினார். ஆங்கிலத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார். நான் எழுந்து, கற்பூர புத்தி, கரி புத்தி, வாழைமட்டை புத்தி என்று நம் ஊரில் மாணவர்களை மூன்றாகப் பிரித்துச் சொல்வதைச் சொன்னேன். நெருப்பைக் காட்டியதும் பற்றிக்கொள்வது கற்பூரம். ஊதி ஊதிப் பற்றவைத்தால் பிடிப்பது கரி. எவ்வளவு ஊதினாலும் புகையாகவே நிற்பது வாழைமட்டை. கற்பூர புத்தி என்பதில் இருப்பதும் அதே பற்றுதல்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயரும் நம் ஊர்த் திண்ணைப்பள்ளி வாத்தியாரும் அறிவின் விரைவைக் கையின் வேலையாகவே கண்டிருக்கிறார்கள். டீச்சர் உடனே அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டார். மாணவர் சொல்வதை இவ்வாறு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும் ஆசிரியரைப் பார்ப்பது அரிது. இந்த வகுப்புக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு எனக்கு இது ஒரு பெரிய காரணம்.

'நிமன்' என்பதில் இல்லாத 'ப்' (b) ஒலி 'நிம்பிள்' என்பதில் எப்படி வந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த விளக்கமே அன்றைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'நிமெல்', 'நெமெல்' என்றே இருந்தது. 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் அதில் 'ப்' நிலைபெறுகிறது. டீச்சர் எங்கள் எல்லோரையும் உதட்டின்மீது ஒரு விரலை வைத்துக்கொண்டு 'நிம்ல்' என்று விரைவாகச் சொல்லச் சொன்னார். 'ம்' சொல்லும்போது உதடுகள் மூடியிருக்கின்றன. காற்று மூக்கு வழியே போகிறது. அடுத்து 'ல்' வரவேண்டுமானால் மூக்கு வழி அடைபட வேண்டும், உதடுகள் திறக்க வேண்டும். உதடு திறப்பதற்குக் கண்ணிமைப் பொழுது முன்னதாக மூக்கு வழி அடைபட்டுவிட்டால், நடுவில் நாம் எண்ணாமலேயே ஒரு 'ப்' வெடித்து விடுகிறது. பதினாறு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். விரல் நுனியில் அந்த வெடிப்பு தெரிந்தது.

மணி, அடித்தான் என்ற இரண்டும் சேரும்போது நடுவில் யகரம் வந்து மணியடித்தான் என்று ஆவதை உடம்படுமெய் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அதற்குத் தனிப் பொருள் கிடையாது. இரண்டு உயிர்கள் இடறாமல் சேர்வதற்காக வந்து நிற்கிறது. அங்கே சேர்வன உயிர்கள், இங்கே சேர்வன மெய்கள். ஆயினும் நாவும் உதடும் தம் வசதிக்காக ஒலியைத் தாமே வரவழைத்துக்கொள்வது இரண்டிலும் ஒன்றே. அடுத்த வாரமே என் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உடம்படுமெய்யை விளக்கும்போது உதட்டில் விரல் வைக்கச் சொல்லி 'நிம்பிள்' என்பதையும் சொல்லிக் காட்டினேன். இலக்கண வகுப்பில் அன்றுபோல் அவர்கள் கவனித்ததில்லை.

இதன் தொடர்ச்சியாக 'நம்' (numb) என்ற ஆங்கிலச் சொல் வந்தது. உணர்விழந்த, மரத்துப்போன என்று பொருள்படும் அந்தச் சொல்லின் ஒலி, தமிழில் நாம் எல்லோருக்கும் உரியது என்று சொல்லும் 'நம்' போலவே இருக்கிறது, உறவு ஏதுமில்லை. ஆனால் 'நிம்பிள்' என்பதற்கு அது உடன்பிறப்பு. 'நிமன்' என்ற வினையின் இறந்தகால எச்ச வடிவமாகிய 'நுமன்' என்பதிலிருந்து அது வந்தது. பொருள் 'எடுக்கப்பட்டது', 'பற்றப்பட்டது'. குளிர் வந்து பற்றிக்கொண்ட கை, குளிரால் எடுத்துக்கொள்ளப்பட்ட கை, 'நம்' ஆன கை. 1400ஐ ஒட்டி ஆங்கிலத்தில் அந்தப் பொருள் நிலைபெற்றது. அதன் கடைசியில் இன்று எழுதப்படும் 'பி' (b) எழுத்து பதினேழாம் நூற்றாண்டில் பிற சொற்களைப் பார்த்து ஒட்டவைத்தது. எழுதுவார்கள், ஒலிக்க மாட்டார்கள். கட்டைவிரலுக்கான 'தம்' (thumb), தையற்காரர் ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டும் 'திம்பிள்' (thimble) இரண்டும் இதே போன்ற இணை: ஒன்றில் 'பி' எழுத்தில் மட்டும் இருக்கிறது, மற்றொன்றில் வாயிலும் இருக்கிறது. இந்த நான்கு சொற்களும் கையைச் சுற்றியே நிற்பது கண்டு அறையில் எல்லோருக்கும் ஒரு வியப்பு.

எடுக்கும் கைக்கு ஒரு சொல், எடுக்கப்பட்ட கைக்கு ஒரு சொல், இரண்டும் ஒரே வேரில் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை சன்னலோரமாக அமர்ந்திருந்த அம்மா என்னிடம், "எதை எடுக்கிறதுக்கு இவ்வளவு பேச்சு? கொழுந்து எடுக்கிறதுக்கா?" என்று கேட்டார். தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் சிறிய அறை. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு, "அதைத்தாம்மா இவ்வளவு நேரமா சொல்லப் பார்க்கிறேன், வந்து காட்டுங்க" என்றார்.

எங்கள் குடும்பம் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம். எங்கள் வீட்டுப் பேச்சில் பறிப்பது என்ற சொல்லைவிட 'கொழுந்து எடுப்பது' என்பதே மிகுதி. அம்மா முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். யாரோ ஒரு மாணவர் கீழே ஓடி, வேலியோரம் நின்ற தேயிலைச் செடியிலிருந்து ஒரு கிளையைக் கொண்டு வந்தார். அம்மா அதை இடக்கையில் வாங்கிக்கொண்டு, வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடித்தார். நகம் படவில்லை, இழுக்கவுமில்லை. லேசாக ஒரு மடக்கு மடக்கியதும் தண்டு மெல்லிய ஒலியோடு ஒடிந்து, அடுத்த கணமே உள்ளங்கைக்குள் போய்விட்டது. அந்த இரண்டு விரல்களும் அதற்குள் அடுத்த கொழுந்தில் இருந்தன. கிளையில் இருந்தவை ஐந்து கொழுந்துகள்தான். எடுத்து முடித்ததும், பின்னால் கூடை இல்லாத போதும், கை தானாகவே தோளுக்கு மேல் போய் நின்றது. முற்றிய இலை ஒன்றுகூடக் கையில் இல்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, "பார்க்கிறது எங்க? கைக்குத் தெரியும். பனியில கை மரத்துப் போச்சுன்னாத்தான் தெரியாது, முத்தலும் சேர்ந்து வந்துரும்" என்றார் அம்மா.

எடுக்கும் கை, மரத்த கை. அவர் வகுப்பைக் கேட்டு அதைச் சொல்லவில்லை. தை மாதக் காலைகளில், கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணியாகிய படங்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நின்றதை நினைத்துச் சொன்னார். டீச்சர் சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, கரும்பலகையில் 'நிம்பிள்', 'நம்' என்ற இரண்டு சொற்களையும் இணைத்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் மறக்க மாட்டேன். இத்தனைக்கும் நம் மொழி அந்த நிலையைச் சொல்லும் விதம் வேறு: குளிர் கையை எடுத்துக்கொண்டது என்று ஆங்கிலம் சொல்கிறது, மரத்துப்போனது என்று நாம் சொல்லும்போது காதில் மரம் கேட்கிறது.

தேநீருக்குப் பின் டீச்சர் எடுத்துக்கொண்ட பொருளை நான் எதிர்பார்க்கவில்லை. 'நிம்பிள் ஃபிங்கர்ஸ்' என்ற தொடர் ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு. ஆனால் கம்பளம் நெய்வதிலும், மின்னணுப் பாகங்களைப் பொருத்துவதிலும், தேயிலை எடுப்பதிலும் பெண்களையும் குழந்தைகளையும் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வதற்கு அந்தத் தொடரே காரணமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. விரல்களின் விரைவு பிறப்பிலேயே வந்துவிட்டது என்றால் அதைக் கற்ற தொழிற்றிறன் என்று கணக்கிட வேண்டியதில்லை. தொழிற்றிறன் இல்லையென்றால் அதற்கான கூலியும் இல்லை. இதற்கு மறுமொழி அந்தச் சொல்லின் பழம்பொருளிலேயே இருப்பதாக டீச்சர் சொன்னார். 'நாமெல்' என்றால் உள்வாங்கிக்கொள்ளும் திறன், அதாவது கற்கும் திறன். அம்மாவின் விரல்களும் பிறவியில் அப்படி இருந்தவையல்ல. பதினாறாம் வயதில் முதல் வாரம் கையெல்லாம் வெடித்து, அம்மாயியிடம் திட்டு வாங்கி, முற்றலைக் கிள்ளியதற்காக எடையில் கழிக்கப்பட்டு, பிறகே வந்த வேகம் அது. இப்போது நீலகிரித் தோட்டங்கள் பலவற்றில் கத்திரி கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கு அது தேவையாக இருக்கலாம். இரண்டு விரல்கள் அறிந்துவைத்திருப்பதை அந்தக் கத்திரி அறியாது என்பதை அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

மற்றச் சொற்கள் விரைவாகக் கடந்தன. கணினிப் பொறியாளர் தம் அலுவலகத்தில் நாள்தோறும் கேட்கும் 'அஜைல்' பற்றிக் கேட்டார். அது லத்தீனில் ஓட்டுதல், செய்தல் என்று பொருள்படும் 'அகெரே' என்ற வினையின் வழிவந்தது. 'ஆக்ட்', 'ஏஜென்ட்' எல்லாம் அதன் உறவினர். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு மென்பொருளாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையே அதை அலுவலகச் சொல்லாக்கியது. ஆக, 'அஜைல்' செய்வதிலிருந்து வந்தது, 'நிம்பிள்' எடுப்பதிலிருந்து வந்தது. 'குவிக்' முதலில் உயிருள்ள என்று பொருள்பட்டது. பாதரசத்தை ஆங்கிலத்தில் உயிருள்ள வெள்ளி என்று சொல்வது அதனால்தான். கைத்திறனைச் சொல்லும் 'டெஃப்ட்', மடத்தனத்தைச் சொல்லும் 'டாஃப்ட்' இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். மென்மையான என்று பொருள்பட்ட ஒரே பழஞ்சொல் இரண்டாகப் பிரிந்து ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. மூன்று மணிக்கு மேல் சன்னலில் மேகம் வந்து மோதிய வேளையில் ஒரு மாணவி, மழைமேகத்தைக் குறிக்கும் 'நிம்பஸ்' என்பதற்கும் 'நிம்பிள்' என்பதற்கும் தொடர்புண்டா என்று கேட்டார். இல்லை, அது லத்தீன், இது ஜெர்மானியக் குடும்பம். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார். தமிழில் வேர்ச்சொல் விளக்கம் என்ற பெயரில் எதையும் எதனோடும் முடிச்சுப் போடும் பேச்சை அன்றாடம் கேட்டுக் களைத்த எனக்கு, அந்தக் கண்டிப்பு மிகவும் நிறைவாக இருந்தது.

இனிக் குறைகள். முதற்குறை, தமிழ்ப் பக்கம் மெலிந்திருக்கிறது. சுறுசுறுப்பு பொருந்தாது என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதாது. பொருந்துவது எது என்று தேட வேண்டாமா? கைக்கு லாவகம் என்ற சொல் இருக்கிறது. லகு என்ற வடசொல்லின் வழிவந்த அதற்கு, கனமில்லாததைக் குறிக்கும் ஆங்கில 'லைட்' என்பதோடு தொலைதூர உறவுகூட உண்டு. அறிவுக்குச் சூட்டிகை இருக்கிறது. எங்கள் ஊரில் இன்றும் "பிள்ளை சூட்டிகை" என்றுதான் சொல்வார்கள். குழந்தையின் உடம்புக்குத் துறுதுறுப்பு. இன்னும் பின்னே போனால், கதழ்வு, துனைவு என்ற இரண்டு சொற்களும் விரைவு என்ற பொருளன என்று தொல்காப்பிய உரியியல் நூற்பாவே சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. தமிழில் மூன்று சொற்கள் தனித்தனியே செய்கின்றன. இதை எடுத்துச் சொல்லாமல் விட்டதால் தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்ற எண்ணத்தோடு மாணவர்கள் சிலர் எழுந்து போயிருக்கக்கூடும்.

இத்தனைக்கும் அந்த அறையின் அலமாரியில் மொழியியலாளர்கள் பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்த எமனோ இந்த நீலகிரியிலேயே தோடர், கோத்தர் என்ற பழங்குடிகளின் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர்; கோத்தர் பெயரைத் தாங்கிய ஊரில் அமர்ந்துகொண்டு அந்தப் புத்தகத்தைத் திறக்காமலே ஒரு சொல் வகுப்பு முடிவது எனக்கு ஏற்கத்தக்கதாகப் படவில்லை. படகமொழி பேசும் ஆசிரியைகள் இருவரும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே வகுப்பு இன்னொரு பக்கம் திரும்பியிருக்கும். வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை கடைசி அரை மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார், ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே இதைப் படிப்பவர்கள் இனி வரும் வகுப்புகளைப் பொறுத்தவரை என் கருத்தைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்ப்பதே நேர்மை.

மற்றவை சிறிய குறைகள். கொடுக்கப்படும் நகல் தாளில் எழுத்து மிகச் சிறியது. வயதானவர்களால் படிக்க முடியாது. இரண்டு மணி என்று சொன்னால் இரண்டேகாலுக்குத்தான் தொடங்குகிறார்கள். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. அம்மாவை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சன்னல் சட்டம் ஒன்று சரியாக மூடுவதில்லை. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் மார்கழி, தை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் அதன் வழியே வரும் காற்றில் பேனா பிடித்த விரல் விறைக்கிறது.

தேர்வுக்கு விரைவாகச் சொற்களைப் பெருக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு இந்த வகுப்பு பயன்படாது. ஓர் ஆண்டு முழுவதும் சென்றாலும் இருபத்து நான்கு சொற்களே கிடைக்கும். மொழி கற்பிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், கல்லூரியில் இலக்கியம் படிப்பவர்கள் ஒரு முறையாவது போய்வர வேண்டும். 150 ரூபாய்க்கு அங்கே கிடைப்பது பயிற்சி நிலையத்தில் நான் கட்டிய சில ஆயிரங்களுக்குக் கிடைக்கவில்லை. பணம் கட்ட முடியாத மாணவர்களிடம் வற்புறுத்துவதில்லை என்பதையும் நேரில் பார்த்தேன்.

குன்னூரிலிருந்து வருபவர்கள் பன்னிரண்டரை மணிப் பேருந்தைப் பிடித்தால் அவசரமின்றி வந்து சேரலாம். மலைப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவர்களுக்கே நாற்காலி. சால்வை எடுத்துச் செல்லுங்கள். வரும் மூன்றாம் சனிக்கிழமைக்குரிய சொல் 'லைத்' (lithe), வளைந்து கொடுக்கும் உடம்பைச் சொல்வது. அன்று அம்மாவும் வருகிறார், டீச்சர் அவரைக் கேட்டு அழைத்திருக்கிறார்.